சாரி கார்டு இல்லாத வண்டிக்குப் பொட்டி கிடையாது

ஓடுகிற மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் புடவையோடு ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அந்த வண்டியின் இன்ஜினுக்கே புத்தி சொன்ன மனுஷி உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் புதுச்சேரிக்காரர். தங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம். சனிக்கிழமை ஆனால் சென்னையிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்குப் பாண்டி என்றால் பாட்டில்தான். பாட்டிலைத் தவிர இந்த ஊரில் என்ன இருந்தது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பொட்டி மதாம் இருந்தார்.

அவருடைய நிஜப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குருசுக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. உப்புக்காற்றில் எழுத்தெல்லாம் உதிர்ந்து, முதலில் இருந்த ‘மதாம்’ மட்டும்தான் மிச்சம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு பிரான்சுக்குப் போன மதாம், அங்கே லாரிகளின் எலெக்ட்ரானிக் பெட்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தார். கணவர் இறந்த பிறகு பென்ஷனோடு ஊர் திரும்பினார். வெறுமனே உட்கார்ந்திருக்கத் தெரியாத ஆள். எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தார்.

பொட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் கருப்பாக ஒன்று இருக்கும். இன்ஜினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் பெட்ரோல் எவ்வளவு என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கம்பெனி வைக்கிற பொட்டி ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லோருக்கும் சுமாராகப் பொருந்தும், ஒருத்தருக்கும் சரியாகப் பொருந்தாது. அதைக் கழற்றிவிட்டு வெளிப்பொட்டி மாட்டினால், லேப்டாப்பைச் செருகி நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு பையன்களுக்கு இது பைத்தியமாகவே பிடித்தது. ‘ரேசிங்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி எதை விற்றாலும் வாங்கினார்கள். ஒன்றை நானே உடைத்துப் பார்த்தேன். உள்ளே தாரும் ஒரே ஒரு பல்பும் இருந்தன. அந்தப் பல்பு எரிந்தால் வண்டி வேகமாகப் போகிறது என்று அந்தப் பையன் நம்பிக்கொண்டிருந்தான்.

நான் அப்போது முத்தியால்பேட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பொட்டி மாட்டி, ட்யூன் செய்து, ஷைனிங் துணியால் துடைத்து அனுப்பிய வண்டி மத்தியானமே திரும்பி வந்தது. ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளியவன் மதாமின் தங்கை மகன். பின்னால் குடை பிடித்தபடி மதாம்.

"யாரு இதுக்குப் பொட்டி போட்டது?"

"நான்தான். இன்னா இப்போ? ஸ்டார்ட் ஆவலியா?"

"ஆவுது. நான்தான் நிறுத்தச் சொன்னேன். பெரிய மார்க்கெட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள என் இடுப்பு என்ன உட்டுட்டு ரெண்டு தெரு முன்னாடி போயிடுச்சி. நீ மெக்கானிக்கா, மாட்டு வைத்தியனா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஓட்றவனுக்கு நல்லாத்தான் இருக்குது மதாம். அவன கேளுங்க."

"ஓட்றவன் கம்பியப் புடிச்சி தொங்கிட்டுப் போறான். அவனுக்கு இன்னா தெரியும்? வண்டி எப்படின்னு பின்னாடி உக்காந்தவள கேளு."

மதாமின் மொத்தச் சாத்திரமும் இந்த ஒரு பேச்சுக்குள் அடக்கம். உலகத்தில் இருக்கிற ட்யூனர்கள் எல்லாம் ஓட்டுகிறவனுக்காக ட்யூன் செய்கிறார்கள். இவர் பின்னால் உட்காருகிறவருக்காகச் செய்தார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மதாமுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மோட்டார் சைக்கிளை விடுங்கள், சைக்கிளே தெரியாது. அதனால் ஓட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. திட்டு வாங்கினாலும் ஓடிப்போகாத ஆளாக அது இருக்க வேண்டும். நான் மாட்டினேன்.

ட்யூன் செய்யும் முறை இதுதான். நான் ஓட்ட வேண்டும். மதாம் பின்னால் ஒருக்களித்து உட்காருவார். மடியில் லேப்டாப். கடல்காற்றும் தூசும் படாமல் அதை ஒரு பழைய அரிசிப் பைக்குள் போட்டு, கைவிட ஓட்டை போட்டு வைத்திருப்பார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கேபிள் வந்து பைக்குள் நுழையும். கண்ணை மூடிக்கொண்டு உடம்பால் இன்ஜினைக் கேட்பார். என் முதுகில் ஒரு தட்டு தட்டினால் வேகம் கூட்ட வேண்டும். கிள்ளினால் குறைக்க வேண்டும். குத்தினால் என் கியர் மாற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வருஷங்களில் என் முதுகைப் பார்த்த என் சம்சாரம், "வேல பாத்துட்டு வர்றியா, வெட்டுக்குத்துல மாட்டிட்டு வர்றியா?" என்று கேட்டாள்.

ஒருக்களித்து உட்கார சாரி கார்டு வேண்டும். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க இடது பக்கம் மாட்டுகிற கம்பி வலை. வண்டி வாங்கியதும் பையன்கள் முதல் வேலையாகக் கழற்றி எறிவது அதைத்தான். அழகைக் கெடுக்கிறதாம். மதாம் இதற்கு ஒரு சட்டம் போட்டார்: சாரி கார்டு இல்லாத வண்டிக்குப் பொட்டி கிடையாது. பழைய இரும்புக் கடைக்காரன் என்னிடம் வந்து, "இன்னாண்ணே நடக்குது? காலேஜ் பசங்கள்லாம் வந்து சாரி கார்டு இருக்கா, சாரி கார்டு இருக்கான்னு கேக்கறாங்க. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல கல்யாணமா?" என்றான்.

லாஸ்பேட்டையிலிருந்து அப்படி ஒரு மாணவன் வந்தான். வண்டியில் மட்கார்டு கிடையாது, கண்ணாடி கிடையாது, பின்கம்பி கிடையாது. சைலன்சரும் பெயருக்குத்தான்.

"மதாம், நல்ல ரேசிங் பொட்டியா ஒண்ணு போட்டுக் குடுங்க."

மதாம் பொட்டி வகையைப் பற்றியே பேச மாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பின்னாடி யாரு உக்காருவா?"

"யாரும் இல்ல மதாம். சிங்கிள்தான்."

"அலே, போ. ஆளத் தேடிட்டு வா. ஒருத்தருமே ஒன் பின்னாடி உக்கார மாட்டேங்கறாங்கன்னா கோளாறு பொட்டியில இல்ல."

அவன் போய்விட்டான். மறுவாரம் சாரி கார்டு மாட்டி, அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தான். மதாம் அந்த அம்மாவிடம் கால் மணி நேரம் பேசினார். முதுகுவலி உண்டா, வண்டியில் போகும்போது பேசுவீர்களா, பையனைப் பிடித்துக்கொள்வீர்களா, சீட்டைப் பிடித்துக்கொள்வீர்களா என்று விசாரணை. பிறகுதான் எந்தப் பொட்டி என்று முடிவு செய்தார். ஒரு சுற்று போய்விட்டு வந்த அம்மா இறங்கி, "தையல் மிஷின் கணக்கா போவுதே!" என்று பூரித்துப்போனார். பையன் முகம் செத்துவிட்டது. தையல் மிஷின் என்று பெயர் எடுக்கவா அவன் காசு கொடுத்தான்? ஆனால் அந்த வண்டி மேட்டில் கியர் இறக்காமல் ஏறியது, தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது, பெட்ரோலும் மிச்சமானது. அடுத்த மாதம் அவனே நண்பர்களைக் கூட்டி வந்தான். எல்லோர் வண்டியிலும் சாரி கார்டு.

ஒரு தடவை எங்கள் ஊர் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். அரிசிப் பை, அதிலிருந்து ஒயர், அந்த ஒயர் வண்டிக்குள் போகிறது. அவர் பயந்ததில் தப்பில்லை.

"இன்னாம்மா அது ஒயரு? இறங்கு, இறங்கு."

"ஒன் வண்டி எது?" என்றார் மதாம்.

"நான் கேக்கறேன், நீ கேக்கறியா?"

"தோ நிக்குதே, அதானே? பொகைய பாத்தாலே தெரியுது. பின்னாடி யாரு உக்காருவா?"

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். குரல் இறங்கிவிட்டது. "மாமியாதான். வாராவாரம் கோயிலுக்கு."

"குலுங்கற மாதிரி போட்டா உன்ன கெட்டியா புடிச்சிக்கும், வாய் ஓயாது. சாஃப்ட்டா போட்டா தூங்கிடும். எது வேணும்?"

"தூங்கட்டும் மதாம்" என்று சல்யூட் அடிக்காத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களை எந்தச் சிவப்புத் தொப்பியும் நிறுத்தியதில்லை.

வைத்திக்குப்பத்தில் ஒரு மீன்காரர். பின்னால் உட்காருவது யார் என்று கேட்டதற்கு, "கூடைதான்" என்றார். மதாம் கூடையிடமே விசாரணையை ஆரம்பித்துவிட்டார். ஐஸ் எவ்வளவு, தண்ணி எந்தப் பக்கம் சொட்டும், வஞ்சிரமா, நெத்திலியா. கடைசியில் மீன் கூடையை மடியில் வைத்தபடி பெரிய மார்க்கெட் வரைக்கும் போய் ட்யூன் செய்தார். அன்றிலிருந்து அந்த லேப்டாப்பைத் திறந்தால் நெத்திலி வாசனை வரும். என் பட்டறைப் பூனை மதாமைக் கண்டால் எழுந்து நிற்கும்.

இத்தனை பெருமையும் சொல்லிவிட்டு இதை மறைக்கக் கூடாது. மதாம் தப்பு செய்தால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். நேரு வீதி நடுவில் அவர் ட்யூன் செய்த வண்டி டமாரென்று வெடித்து நின்றது. ஊரே திரும்பிப் பார்த்தது. "பெட்ரோல் கெட்டது" என்றார். பெட்ரோலை மாற்றினேன். மறுபடி வெடித்தது. "வெயில்" என்றார். நிழலில் நிறுத்தினேன். மறுபடி வெடித்தது. "ரோடு சரியில்ல" என்றார். நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கு ரோடு என்ன செய்யும் என்று கேட்டேன். "நீ ரொம்பப் பேசற" என்றார். அப்புறம் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ரகசியமாக லேப்டாப்பில் நம்பரை மாற்றிவிட்டு, "பாத்தியா, வெயில் எறங்கினதும் சரியாப் போச்சு" என்றார். ‘என் பொட்டி தப்பு’ என்று அவர் வாயால் ஒரு நாளும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கப்ரால் என்று ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் கார்ப்பரலாக இருந்ததால் அந்தப் பெயர். எண்பதை நெருங்கிய வயது. மதாமின் கணவரோடு ஒரே படையில் இருந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலுக்கு முந்தின சாயங்காலம், பழைய சொல்தாக்கள் காகித விளக்கு ஏந்தி பேண்டு வாத்தியத்தோடு கடற்கரைப் போர் நினைவுச் சின்னம் வரைக்கும் அணிவகுத்துப் போவார்கள். மார்பில் மெடல், மடிப்புக் கலையாத கோட்டு. கப்ராலும் மதாமின் கணவரும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தவர்கள். கணவர் இறந்த பிறகு கப்ரால் தன் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டே நடந்தார். யாரையும் நிற்க விடமாட்டார்.

அந்த வருஷம் கப்ராலின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. வரிசைக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர், "நீங்க பின்னாடி கார்ல வந்துடுங்க" என்றார்.

"கார்ல சவந்தான் போவும்" என்றார் கப்ரால். "நான் என் வண்டியில முன்னாடி போறேன்."

பெரிய வாக்குவாதம் நடந்து கடைசியில் சம்மதித்தார்கள். மூன்று நிபந்தனைகள். வண்டி நடுவில் நிற்கக் கூடாது, வெடிக்கக் கூடாது, வரிசையை விட்டு ஓடக் கூடாது. இதில் ஒன்று நடந்தாலும் அடுத்த வருஷத்திலிருந்து கார்தான்.

கப்ரால் அந்த வண்டியோடு நேராக மதாமிடம் வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த இன்ஜெக்ஷன் வண்டி. விஷயம் லேசானதல்ல. நடக்கிற வேகத்தில் வண்டி போக வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டும். கப்ராலுக்குப் பட்டாளத்தில் அடிபட்டதில் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. நான் பக்கத்தில் நடந்தபடி கிளட்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"வழி முழுக்க நீ கையப் புடிச்சிட்டு வர்றதுக்கு நான் இன்னா கல்யாணப் பொண்ணா?"

ஆகவே கிளட்சை விட்ட பிறகு வண்டி முதல் கியரில் தானாகவே நடக்க வேண்டும். துள்ளாமல், திணறாமல், மனுஷன் மாதிரி. உலகமே வேகத்துக்குப் பொட்டி தேடிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் மெதுவுக்குப் பொட்டி தேடினோம்.

மதாம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பின்னாடி யாரு உக்காருவா?"

"யாரு இருக்காங்க? சம்சாரம் போயி எத்தன காலமாச்சு."

"சாரி கார்டு எங்க?"

"அதான் ஒருத்தரும் இல்லன்றேனே மதாம், எதுக்கு சாரி கார்டு?"

"சட்டம்னா சட்டம்தான் கப்ரால். பட்டாளத்துல இருந்தீங்க, தெரியாது?"

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.

நான் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினேன். அதில் கொஞ்சம் வேகம் குறைந்தது. மீதியை மதாம் பொட்டியில் செய்தார். "இன்ஜினு சோர்ந்து விழப் போனா தீப்பொறி சீக்கிரம் வரணும். திமிறி ஓடப் போனா லேட்டா வரணும். அவ்ளோதான்" என்றார். கேட்க அவ்வளவுதான். செய்து முடிக்கப் பல மாலைகள் ஆயின. லாஸ்பேட்டையில் விமானமே வராத ஏர்போர்ட் ரோட்டில் ஒத்திகை. வண்டியில் கப்ரால், பின்னால் மதாம், பக்கத்தில் நடக்க நான். வேகத்துக்கு அளவு வேண்டுமே? கப்ரால் நெஞ்சை நிமிர்த்தி, பட்டாளத்தில் எண்ணுகிற மாதிரி "அன், தே! அன், தே!" என்று பிரெஞ்சில் அடி எண்ணினார். அதற்குத் தகுந்தபடி நான் கைவீசி நடந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. வண்டி என் தோளுக்குச் சமமாக வந்தது. சாயங்காலம் வாக்கிங் வந்த மாணவர்கள், "அண்ணே, அது வண்டியா, நாயா? கூடவே வருது!" என்று கத்தினார்கள். மதாம் கண்ணைத் திறந்து, "பார்ஃபெ" என்றார், கச்சிதம் என்று பிரெஞ்சில். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அந்தச் சாயங்காலம் வந்தது. கப்ராலின் கோட்டில் மெடல்கள். ஹேண்டில்பாரில் காகித விளக்கைக் கட்டியிருந்தோம். வண்டி சாயாமல் இருக்கப் பின்கம்பியைப் பிடித்தபடி நான் கூடவே நடப்பதாக ஏற்பாடு. மதாம் பட்டுப்புடவையில், தோளில் அதே அரிசிப் பையோடு பிளாட்பாரத்தில் நின்றார். பேண்டு முழங்கியது. கிளம்பும்போது மட்டும் கிளட்சை நான் பிடித்து விட்டேன். வண்டி துள்ளாமல், இருமாமல் கிளம்பியது. எனக்கு மார்பு விரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பேண்டுச் சத்தம் தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசை எங்கோ பின்னால் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அளவே தப்பு. கப்ரால் எண்ணியது இருபது வயதில் பட்டாளத்தில் நடந்த நடை. பின்னால் வருகிறவர்கள் எழுபதும் எண்பதும். ஒருவர் கையில் கைத்தடி, ஒருவர் பேரனைப் பிடித்திருக்கிறார். இத்தனை வருஷம் கப்ராலும் அவர்களோடு அந்தத் தள்ளாட்ட நடைதான் நடந்தார். ஆனால் அவர் மனசில் ஓடியது பழைய எண்ணிக்கை. பிளாட்பாரத்தில் நின்று வருஷாவருஷம் பார்த்த மதாமுக்கும் தன் கணவர் நடந்த நடைதான் கண்ணில் இருந்திருக்கிறது. யாருமே அளந்து பார்க்கத் தோன்றாத ஒன்று அது.

இப்போது கப்ரால் தன் படையை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது நிபந்தனை போயே போய்விட்டது. நான் பின்கம்பியைப் பிடித்து இழுத்தேன். இன்ஜின் முக்கியது, நின்றுவிடும் போல இருந்தது. விட்டேன், ஓடியது. கிளட்சுக்குக் கையை நீட்டினேன். கப்ரால் படாரென்று தட்டிவிட்டார். கூட்டத்தில் ஒருத்தன், "தாத்தா தனியாவே பிரான்சுக்குக் கிளம்பிட்டாருடா!" என்றான். சிரித்தார்கள். அவன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கேயாவது கிடைப்பான்.

பிளாட்பாரத்திலிருந்து "அலே!" என்று ஒரு சத்தம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதாம் ஓடி வந்தார். அந்த வயதில், ஓடுகிற வண்டியின் சாரி கார்டில் காலை வைத்து, ஒரே எம்பில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தார். "யோவ் மெக்கானிக், கேபிள்!" என்றார். நான் நடந்துகொண்டே சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் செருகினேன். அரிசிப் பைக்குள் லேப்டாப் திரை ஒளிர்ந்தது.

வரிசைப் பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மதாம், இறங்குங்க! சொல்தாங்க வரிசையில நீங்க எப்படி?"

"என் புருஷன் எடம் காலியாத்தானே கெடக்கு? அதுலதான் உக்காந்திருக்கேன். நீங்க போயி வரிசையப் பாருங்க."

அவர் திரும்பி வரிசைக்கே ஓடினார்.

மதாம் கீபோர்டில் தட்டத் தட்ட இன்ஜின் சத்தம் இறங்கியது. கப்ராலுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் கொறைக்கற மதாம்? இதுவா மார்ச்? இன்னா, என் ஆளுங்க பின்தங்கிட்டாங்களா? கெழவனுங்களா ஆயிட்டானுங்களா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்தா வரிசையில் திரும்பிப் பார்க்க மாட்டான். மதாம் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். ஒருக்களித்து உட்கார்ந்தவருக்கு முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். பின்னால் தட்டுத்தடுமாறி வருகிறவர்களைப் பார்த்தார். முன்னால் நிமிர்ந்திருந்த கப்ராலின் முதுகைப் பார்த்தார்.

"இல்ல கப்ரால்" என்றார். "அவங்க சரியாத்தான் வர்றாங்க. ஒருத்தர் அடி கூட தப்பல. என் பொட்டிதான் தப்பு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

நான் நடப்பதை மறந்து நின்றுவிட்டேன். பின்கம்பி கையிலிருந்து நழுவ, ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அதான பாத்தேன்" என்றார் கப்ரால். "என் ஆளுங்க பின்தங்க மாட்டானுங்க. சீக்கிரம் சரி பண்ணு."

அந்த இன்ஜின் அவ்வளவு மெதுவாகச் சுற்றி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து அடித்தது. இதோ நின்றுவிட்டது என்று நினைக்கும்போது அடுத்த அடி வரும். மதாம் கண்ணை மூடியிருந்தார். விரல் மட்டும் அசைந்தது. பேண்டுச் சத்தம் கிட்டே வந்தது. கைத்தடி ஊன்றுகிற சத்தமும் கேட்டது. கடற்கரைக்குத் திரும்பும்போது வரிசை எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. கப்ரால், அவருக்குப் பின்னால் மதாம், அவர்களுக்குப் பின்னால் படை. அரிசிப் பைக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் மதாமின் முகத்தில் அடித்தது. பார்த்தவர்கள் அதையும் ஒரு காகித விளக்கு என்றே நினைத்திருப்பார்கள். நினைவுச் சின்னத்தைத் தாண்டும்போது கப்ரால் வலது கையை எடுத்து சல்யூட் அடித்தார். வண்டி நிற்கவில்லை. வெடிக்கவில்லை. வரிசையை விட்டு ஓடவும் இல்லை. சிரித்தவன் எவனும் இப்போது சிரிக்கவில்லை. இது எங்கள் ஊரில் நடந்தது.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் வந்தார். "அடுத்த வருஷமும் வண்டியிலயே வந்துடுங்க கப்ரால்" என்றார். பிறகு மதாமைப் பார்த்தார். அரிசிப் பையை மோந்து பார்த்து முகம் சுளித்தார். "நீங்களும் வாங்க. ஆனா நல்ல வெளக்கா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இது நெத்திலி நாறுது."

வீட்டில் விடும்போது மெதுவாகக் கேட்டேன். "மதாம், பொட்டி தப்புன்னு சொன்னீங்களே?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். கப்ரால்கிட்ட."

"என் பொட்டி எப்போய்யா தப்பாச்சு? பேண்டு சத்தத்துல உனக்குக் காது போயிருக்கும். நாளைக்கு டாக்டரப் பாரு."

அடுத்த சில வருஷங்களும் அவர் காகித விளக்கோடு கப்ராலின் பின்னால் உட்கார்ந்து போனார். கப்ரால் காலமான பிறகு, மதாமின் மகள் வந்து அவரைப் பிரான்சுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே மோட்டார் சைக்கிளில் ஒருக்களித்து உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்குமாம். போனில் சொல்லிவிட்டுத் திட்டுகிறார். அது என்ன ஊரோ.

என் வண்டி இப்போது புதுசு. பின்னால் யாரும் உட்காருவதில்லை, என் சம்சாரம் தனியாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். பட்டறைப் பையன்கள் தினமும் கேட்கிறார்கள், "அண்ணே, உங்க வண்டியில மட்டும் ஏன் அந்த அசிங்கம் புடிச்ச சாரி கார்டு? கழட்டிடலாமா?" கையை வைத்தால் உடைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். மதாம் வந்து இறங்குகிற அன்றைக்கு அவர் கால் வைக்க இடம் வேண்டும்.